மறுமுனையைப் பிடிக்க ஒருத்தி

“ரெண்டு கையையும் மேல தூக்குங்க பாட்டி.”

தூக்கினேன். இடது கை காதை உரசிக்கொண்டு நேராக மேலே போனது. வலது கை தோள் உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது, மதகுப் பலகை பாதியில் இறுகிக்கொண்ட மாதிரி. அதற்கு மேல் ஏற்றினால் தோளுக்குள் யாரோ கோணி ஊசியை நுழைத்துத் திருகுகிறார்கள்.

“அவ்வளவுதானா பாட்டி?”

“மொதல்ல இந்தப் பாட்டிங்கறத நிறுத்தும்மா. நான் தடுப்பூசி போட பேரனத் தூக்கிக்கிட்டு வரல. இது துப்பாக்கி சுடற கை. அதக் காட்டத்தான் வந்திருக்கேன்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிசியோதெரபி படித்தவள். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியறை பிடித்து, கட்டில் ஒன்றும் கண்ணாடி ஒன்றும் போட்டு நடத்திக்கொண்டிருந்தாள். சுவரில் தோல் உரித்த மனிதனின் படம் ஒன்று. அவன் தோளில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இந்தத் தசைநார்தாங்க மேடம். ரணமாயிருக்கு. இன்னும் பிய்யல. பிய்ய விட்டீங்கன்னா துப்பாக்கிய விடுங்க, தல சீவறதுக்கே கை வராது.”

அப்புறம் ஒரு சிவப்பு ரப்பர் பட்டையை எடுத்தாள். பலூன் கடையின் வாசனை அதில். ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு மெல்ல இழுக்கச் சொன்னாள். நான் இழுக்க அவள் விட்டுக்கொடுத்தாள். நான் தளர்த்த அவள் வாங்கிக்கொண்டாள்.

“இத தெனமும் செய்யணும். வீட்டுல யாராவது இப்படி மறுமுனையப் பிடிச்சுக்கணும். யாரு இருக்கா வீட்டுல?”

“இருக்காங்க.”

“யாருங்க?”

“எந் தங்கச்சி.”

எங்கள் வீட்டில் நான்தான் கடைக்குட்டி. எனக்குப் பிறகு என் அம்மா யாரையும் பெறவில்லை.

இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஒரு சின்னப் பெண் முன்னால், அதுவும் ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, “எனக்கு யாரும் இல்லை” என்று என்னால் சொல்ல முடியாது. பொங்கல் கழிந்ததும் சென்னையில் மாநிலப் போட்டி. வயதான பெண்களுக்கென்று அதில் தனிப் பிரிவு உண்டு. லூர்துமேரி என்று என் பெயரைப் பதிந்தாகிவிட்டது. அதற்குள் இந்தக் கை காதுக்கு மேலே போக வேண்டும். போகாவிட்டால் கோச் என்னைக் கூட்டிப்போக மாட்டார். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

பெஞ்சியில் இருந்தவள்

குத்தாலத்துப் பக்கம் நடவு நட்டவள் கையில் துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் மகள் ரீட்டாவால் வந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் சேர்ந்து, சுட ஆரம்பித்து, அதிலேயே பைத்தியமாகிப் போனாள். அவளுக்காகத்தான் நாங்கள் தஞ்சாவூருக்கே வந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை ரேஞ்சுக்குக் கூட்டிப்போவேன். உள்ளே அவள் சுடுவாள். வெளியே பெஞ்சியில் நான் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காற்றுத் துப்பாக்கிக்குப் பெரிய சத்தம் கிடையாது. நெல் பொரிகிற மாதிரி ஒரு ‘டப்’. அந்தச் சத்தத்தை வைத்தே அவள் இன்று நிதானமாக இருக்கிறாளா, கோபமாக இருக்கிறாளா என்று சொல்லிவிடுவேன்.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. நர்ஸ் வேலை கிடைத்து மாப்பிள்ளையோடு தோஹாவுக்குப் போனாள். துப்பாக்கி பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அடுத்த இரண்டு மழைக்காலத்துக்குள் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பூசை முடிந்ததும் அவை ரேஞ்சுக்குப் போகிற பஸ்ஸில்தான் ஏறின. போய் அதே பெஞ்சியில் உட்கார்ந்துகொள்வேன். யார் யாரோ பெற்ற பிள்ளைகள் சுடுவார்கள். கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கோச் வந்து முன்னால் நின்றார். “ஏம்மா, எங்க பெஞ்சி தேயுது. எந்திரிச்சு வந்து ஒரு தடவ தூக்கித்தான் பாருங்களேன்.”

எழுந்துவிட்டேன்.

குனிந்த முதுகு

தூக்கிப் பாருங்கள் என்றவர், தூக்கிய பிறகு வெகு நாள் அதைச் சுடவே விடவில்லை. “மொதல்ல நிக்கக் கத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வயதுக்கு மேல் நிற்க ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஆனால் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, என் முதுகுக்குக் குனியத்தான் தெரியும். சேற்றில் கால் ஊன்றிக் குனிந்தே பழகிய முதுகு அது. போன வாரம் இந்தத் தொடரில் நடவைப் பற்றிச் சொல்லி எழுத வைத்தேன் அல்லவா, அந்த வயல் என் இடுப்பை விட்டு இன்னும் கரையேறவில்லை.

காலையில் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயின் கரையோரம் நடக்கச் சொன்னார். ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தால் தண்ணீரோடு நடப்பேன். விடாத மாதங்களில் மணலைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். வீட்டில் சுவரைப் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். தரையில் முழங்கையை ஊன்றிப் பலகை மாதிரி கிடக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்த வேண்டும். வலது கை செய்ததை எல்லாம் இடது கையும் செய்ய வேண்டும்.

“சுடறது வலது கைதானே சார், இதுக்கெதுக்கு வேல?”

“சுடறதுதாம்மா ஒரு கை. சுமக்கறது முதுகு, இடுப்பு, ரெண்டு காலு. ஒரு பக்கம் மட்டும் பலமானா ஒடம்பு கோணிக்கும்.”

சுடுவதற்கு முன்னால் கழுத்து, தோள், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றையும் சுழற்றிச் சூடுபடுத்த வேண்டும். கொஞ்சம் சுட்டதும் துப்பாக்கியை வைத்துவிட்டு உட்கார வேண்டும். வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும்.

மற்றதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. இந்தக் கடைசி ஒன்றுதான் வரவில்லை. நடவில் வலி வந்தால் யார் நிறுத்தியிருக்கிறார்கள்? ஒருத்தி நிமிர்ந்தால் வரிசையே கோணிப்போகும். பின்னால் வருகிறவள் அதைக் குலவையோடு சேர்த்துப் பாட்டாகவே பாடிவிடுவாள்.

அந்த ரேஞ்சில் என் வயதுக்குப் பக்கத்து வயதில் இன்னொருத்திதான் இருந்தாள். ஜமீலா, கூத்தாநல்லூர்க்காரி. வீட்டுக்காரர் கடை வைத்திருந்து இறந்துபோனவர். மகன் துபாயில். சர்க்கரையால் தோள் இறுகிப்போய், டாக்டர் கையை ஆட்டச் சொன்னார் என்று வந்து சேர்ந்தவள். பர்தாவோடுதான் சுடுவாள். என் இடது பக்கத்து லேன் அவளுடையது. சுட்டு முடித்ததும் குறி அட்டையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு, “ஒங்களது எவ்வளவுக்கா?” என்று என்னை மட்டும் கேட்பாள். நான் சொன்ன பிறகுதான் தன் அட்டையைத் திருப்புவாள். அவளை ஜெயித்தால் எனக்கு அன்று சோறு ருசிக்கும்.

பிடிப்பு என்று ஒரு சொல்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். அதனால் கோச் என்னிடம் எல்லாவற்றையும் தமிழில் மாற்றித்தான் சொல்வார். மற்றவர்களிடம் ‘கிரிப்’ என்பதை என்னிடம் ‘பிடிப்பு’ என்பார். “பிடிப்பு மாறக் கூடாதும்மா. பிடிப்புத்தான் எல்லாம்.”

எங்கள் ஊரில் பிடிப்பு என்றால் வேறு. சதை முறுக்கிக்கொண்டு விடமாட்டேன் என்கிறதே, அதுதான் பிடிப்பு. இடுப்புப் பிடிப்பு, கழுத்துப் பிடிப்பு.

மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுத்த புதிதில், தோளிலிருந்து முழங்கை வரை ஒரு நாள் சுரீர் என்று இறங்கியது. கோச் நாலு லேன் தள்ளி யாருக்கோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன்.

“சார், பிடிப்பு இருக்கு!”

அவர் திரும்பாமலே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். “அதாம்மா வேணும்! அப்படியே வெச்சுக்கங்க, விட்டுடாதீங்க!”

சரி, நன்றாகச் சுடுகிறவளுக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விடவில்லை. அடுத்த ஞாயிறும் கேட்டார். “பிடிப்பு எப்படிம்மா?” “நல்லா இருக்கு சார், முன்னவிட ஜாஸ்தி.” “பலே!” என்றார்.

ஐப்பசி மழை முடிவதற்குள் துப்பாக்கியை மேசையிலிருந்து தூக்க முடியாமல் போனது. விஷயம் வெளியே வந்த அன்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜமீலாதான் பர்தாவுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இனிமே ஒடம்புல எதுன்னாலும் ‘வலி’ன்னு சொல்லுங்கக்கா. சாருக்கு அது ஒண்ணுதான் புரியும்.”

சன்னல் கம்பி

சிவப்புப் பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுமுனையைச் சன்னல் கம்பியில் கட்டினேன். கம்பி நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. ஆனால் கம்பி விட்டுக்கொடுக்காது. போதும் நிறுத்து என்று சொல்லாது. சீக்கிரம் ஆற வேண்டும் என்று நான் இழுத்தேன், இழுத்தேன், அது அசையாமல் நின்றது.

வலி எங்கே உட்கார்ந்திருந்தது தெரியுமா? தோள்பட்டைக்குப் பின்னால், சொந்தக் கை எட்டாத இடத்தில். இடது கையை மேலே இருந்து விட்டாலும் எட்டாது, கீழே இருந்து விட்டாலும் எட்டாது. அகப்பைக் காம்பில் துணியைச் சுற்றி, தைலத்தில் தொட்டுப் பூசிக்கொள்வேன். பாதி தைலம் புடவையில்தான் போகும். வீடு முழுக்க அந்த வாசனை. வந்து முகர்ந்து பார்த்து ‘என்ன ஆச்சு’ என்று கேட்க ஆள் கிடையாது.

கொண்டை போட இரண்டு கை வேண்டும் என்பதே அப்போதுதான் உறைத்தது. முடியை அப்படியே விட்டு முந்தானையை மேலே போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். சிலுவை போட வலது கை நெற்றிக்குப் போகவில்லை. நெற்றியைக் கைக்குக் கொண்டுவந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ரீட்டா வீடியோவில் வருவாள். போனை இடது கையில் பிடித்துக்கொள்வேன்.

“ஏம்மா மூஞ்சி வாடியிருக்கு?”

“இங்க வெயிலு.”

“கார்த்திகையில என்னம்மா வெயிலு?”

“ஒனக்கென்ன தெரியும், நீ அங்க ஏசியில இருக்கே.”

அவள் டியூட்டிக்கு நேரமாகும். படம் அப்படியே உறைந்து, வாய் பாதி திறந்தபடி நின்று, பிறகு போய்விடும்.

தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்க

அடுத்த முறை மாடியறைக்குப் போனபோது கை முன்னைவிடக் கீழேயே நின்றது. அந்தப் பெண் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“இவ்வளவு வேகமா யாருங்க இழுக்கறது? ஒங்க தங்கச்சிக்கு ஒங்க மேல எதுனா கோவமா?”

“அவ சுபாவமே கொஞ்சம் வெறப்பு.”

“நாளைக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்க. எப்படிப் பிடிக்கணும்னு நான் சொல்லித்தரேன். வராம இனிமே பட்டையத் தொடாதீங்க.”

படியிறங்கி வந்தேன். தங்கச்சி ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்லலாம். செத்துப்போனாள் என்றும் சொல்லலாம். ஆனால் கை? யோசித்துக்கொண்டே பஸ் ஏறினேன். இறங்கியது ரேஞ்சில்.

ஜமீலா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஜமீலா, நாளைக்கு ஒனக்கு எதுனா வேல இருக்கா?”

“எனக்கென்ன வேல? ஏன்க்கா?”

“ஒரு எடத்துக்கு வரணும். வந்து எந் தங்கச்சின்னு சொல்லணும்.”

“யா அல்லா!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “லூர்துக்குத் தங்கச்சி ஜமீலாவா? ஒங்க ஃபாதர் கேட்டா மணிய அடிச்சு ஊரக் கூட்டிடுவார்.”

நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அட்டையைத் தட்டி ஒழுங்காக்கினாள்.

“அக்கா, ஒங்க கை ஆறலன்னா சென்னையில எனக்குத்தானே லாபம்? என்னப் போயி கேக்கறீங்களே?”

“வேற யாரக் கேக்கறது?”

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “எத்தன மணிக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பிசியோதெரபி பெண் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள். ஜமீலாவின் பர்தாவைப் பார்த்தாள்.

“இவங்கதான் தங்கச்சியா?”

“ஆமாம்மா,” என்றாள் ஜமீலா, கண் இமைக்காமல். “அம்மா வேற. ரேஞ்சு ஒண்ணு.”

அந்தப் பெண் நல்லவள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பட்டையை ஜமீலாவின் கையில் கொடுத்தாள். “அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே பிடிங்க. சுருங்குச்சுன்னா ஒடனே விட்டுக்கொடுத்துடணும்.”

“இவங்க மூஞ்சி சுருங்காதும்மா. அந்த மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் நான் தோத்துக்கிட்டிருக்கேன்.”

“அப்ப கழுத்தப் பாருங்க. வலிச்சா அங்க நரம்பு பொடைக்கும்.”

அன்றிலிருந்து மதியத் தொழுகை முடிந்ததும் ஜமீலா வந்துவிடுவாள். நான் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். அவள் எதிரே ஸ்டூலில். பட்டையின் இந்த முனை என்னிடம், அந்த முனை அவளிடம். என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வலியை விழுங்க ஆரம்பிக்கும் முன்பே பட்டை தளர்ந்துவிடும்.

“இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் ஜமீலா.”

“ஒங்க கழுத்து வேணாங்குது. நான் அது சொல்றதத்தான் கேப்பேன்.”

முதல் நாள் கிளம்பும்போது முந்தானையில் இருந்த தைலக் கறையைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் துணி சுற்றிக் கிடந்த அகப்பையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பாட்டிலைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிச் சூடு வரத் தேய்த்து, என் தோளுக்குப் பின்னால் வைத்தாள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு என் முதுகில் இன்னொரு கை பட்டது அன்றுதான். நான் சன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

பக்கத்து லேன்

பொங்கல் கழிந்தது. கோச் கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும் போனது, ஆனால் அங்கே போய் நடுங்கியது. “இந்த வருஷம் வேணாம்மா. கையக் காப்பாத்திக்குவோம்” என்றார். நான் சரி என்றேன். வலிக்கு நிறுத்துவது எனக்கு அன்றுதான் வந்தது.

ஜமீலா மட்டும் சென்னை போய்வந்தாள். எத்தனை எடுத்தாள் என்று கேட்டேன். அதைச் சொல்லவில்லை. “பக்கத்துல யாரோ மெட்ராஸ்காரிக்கா. மூச்சு விடற சத்தமே வேறயா இருந்துச்சு. மனசே ஒட்டல” என்றாள்.

பட்டையை நாங்கள் விடவில்லை. சித்திரையில் கை காதைத் தாண்டியது. ஆனியில் கொண்டை போட்டேன். சம்பாவுக்கு நாற்று விடுகிற சமயத்தில் மறுபடி துப்பாக்கியை எடுத்தேன்.

அதே சமயம்தான் ஜமீலாவின் மகன் வந்தான். அம்மாவைத் தனியாக விட முடியாது என்று விசாவோடு வந்திருந்தான். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் என் கட்டிலில் உட்கார்ந்து, “அங்க ரேஞ்சு இருக்குமாக்கா?” என்று கேட்டாள். “துபாயில இல்லாததா?” என்றேன். போய்விட்டாள்.

போனில் பேசுகிறோம். போனுக்கும் மறுமுனை என்றுதான் சொல்கிறார்கள். அதை இழுத்துப் பார்த்தால் ஒன்றும் இழுபடுவதில்லை.

அடுத்த மாநிலப் போட்டிக்குப் போனேன். பெயர் சரிபார்க்கிற மேசையில் இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“இந்த வயசுப் பிரிவுல இந்தத் தடவ நீங்க ஒருத்தர்தாம்மா. பேர எடுத்துடலாமா?”

“ஏன், ஒருத்தின்னா சுடக் கூடாதா?”

“சுடலாம். யாரோட போட்டி போடுவீங்க?”

“அட்டையோட,” என்றேன்.

கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாவற்றையும் சூடுபடுத்தினேன். காலை ஊன்றினேன். முதுகு நிமிர்ந்து நின்றது. கொஞ்சம் சுட்டதும் உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அவசரப்படவில்லை. இடது பக்கத்து லேனில் அட்டை மாட்டவில்லை, வெறும் சட்டம்தான் தொங்கியது. அன்று நான் சுட்ட மாதிரி அதற்கு முன்னால் சுட்டதில்லை. சென்ற வருஷம் ஜமீலாவோடு நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பேன்.

ஒருத்தி மட்டும் ஓடுகிற பந்தயத்தில் முதல் இடமும் அவளுக்குத்தான், கடைசி இடமும் அவளுக்குத்தான். மெடலைக் கழுத்தில் போட்டார்கள். போட்டோ எடுக்கிறவர், “அந்தக் கைய நல்லா மேல தூக்குங்கம்மா” என்றார்.

தூக்கினேன். காதைத் தாண்டி நேராக மேலே போனது. துளி வலி இல்லை.

“வலிக்கல” என்று சொல்ல இடது பக்கம் திரும்பினேன். அந்த லேனின் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.